பொத்திப் பார்க்காத கசிவு

என் ஓரகத்திக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். யாராவது இதை ஞாபகப்படுத்தினால் எனக்கு வயிறு எரியும். மைத்துனருக்குக் கல்யாணமாகி அவள் வீட்டுக்கு வந்த புதிதில், பெண் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறாளே, உன் கம்பெனியில் சொல்லிப் பாரேன் என்று மாமியார் கேட்டார். நானும் பெரிய மனசு பண்ணிக்கொண்டு மேனேஜரிடம் போய் நின்றேன். டிப்ளமோ படித்தவள், சுறுசுறுப்பானவள், அவளுக்கு நான் பொறுப்பு என்றெல்லாம் அளந்து சேர்த்துவிட்டேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டதற்கு மேனேஜர் எனக்கு நன்றி வேறு சொன்னார்.

வீட்டில் நான் பெரியவள், அவள் சின்னவள். மாமியார் எங்கள் இருவரையும் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. தொழிற்சாலையில் என்னைப் பாம்புச்செவி என்பார்கள். அந்தப் பட்டத்தைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு அது பிடிக்கும். சின்னவள் சேர்ந்த பிறகு அவளுக்கும் ஏதாவது ஒரு பட்டம் வைத்துவிடுவார்களோ என்று கொஞ்ச காலம் பயந்துகொண்டிருந்தேன்.

நாங்கள் பிளாஸ்டிக் பாட்டில் ஊதுகிறவர்கள். மருந்து பாட்டில், எண்ணெய் பாட்டில், ஷாம்பு பாட்டில் எல்லாம் காற்றால்தான் உருவாகின்றன. பின்னால் கம்ப்ரஸர் அறையில் காற்றை அமுக்கித் தொட்டியில் நிரப்புவார்கள். அது தலைக்கு மேலே ஓடும் குழாய்களில் புறப்பட்டு ஒவ்வொரு மெஷினுக்கும் இறங்கும். காற்று சும்மா கிடைக்கிறது என்று நினைப்பவர்கள் எங்கள் கரண்ட் பில்லைப் பார்த்ததில்லை. ஒரு நட்டு தளர்ந்தால் போதும், ஒரு ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்தால் போதும், அமுக்கி வைத்த காற்று வெளியே போய்க்கொண்டே இருக்கும். எண்ணெய் ஒழுகினால் தரையில் கறை தெரியும், தண்ணீர் ஒழுகினால் கால் வழுக்கும். காற்று ஒழுகினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கம்ப்ரஸர் மட்டும் பாவம், நிற்க நேரமில்லாமல் இரைத்துக்கொண்டு ஓடும்.

அந்த ஒழுகலைக் கண்டுபிடிப்பதும் எங்கள் வேலை. முன்பெல்லாம் சோப்புத் தண்ணீரைப் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்ப்போம். பிறகு துப்பாக்கி வந்தது. பார்க்கத் துப்பாக்கி மாதிரியே பிடியும் முனையும் இருப்பதால் அந்தப் பெயர். ஒழுகும் காற்று போடுகிற சத்தத்தில் பெரும்பகுதி மனிதக் காதுக்கு எட்டாது. துப்பாக்கி அதைப் பிடித்து, நமக்குக் கேட்கிற சத்தமாக மாற்றி ஹெட்போனில் தரும். சுற்றிலும் மெஷின்கள் தடதடத்துக்கொண்டிருந்தாலும் முனையைக் குழாயோடு நகர்த்திக்கொண்டே போனால், ஒழுகும் இடத்தில் காதுக்குள் சீறும். உடனே அங்கே ஒரு சிவப்பு அட்டையை மாட்டுவோம். சரி செய்த பிறகு மறுபடி கேட்டுப் பார்த்து அட்டையைக் கழற்ற வேண்டும்.

இதில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. பொத்திப் பார்க்காமல் அட்டை மாட்டக் கூடாது. ஏனென்றால் இந்தச் சத்தம் சரியான ஏமாற்றுக்காரச் சத்தம். எதிரில் வழவழப்பான ஸ்டீல் தகடு இருந்தால் அதில் பட்டுத் திரும்பும். ஒழுகுவது ஓரிடம், கேட்பது இன்னோரிடம். அதனால் சந்தேகப்படும் இடத்தைத் தடித்த துணியால் பொத்த வேண்டும். சீறல் அடங்கினால் ஒழுகல் அங்கேதான். அடங்காவிட்டால் நாம் தகட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம் என்று அர்த்தம். சின்னவள் இதைக் கற்றுக்கொள்ள ஒரு காலைப் பொழுதுகூட ஆகவில்லை. அவளாக ஒரு பழக்கத்தையும் சேர்த்துக்கொண்டாள். நட்டை முடுக்கியதும் பெயிண்ட் பேனாவால் நட்டையும் குழாயையும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு இழுப்பாள். நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல யோசனைதான். அது எனக்குத் தோன்றவில்லையே என்பதற்காகவே நான் கோடு போடுவதில்லை.

இதெல்லாம் சின்ன எரிச்சல். பெரிய எரிச்சல் வீட்டில் இருந்தது.

எங்களுக்குக் காலை ஷிப்டும் மதிய ஷிப்டும் வாரம் மாறி வாரம் வரும். நான் காலையில் போகிற வாரம் அவள் மதியம் போவாள், மறுவாரம் மாற்றிக்கொள்வோம். பள்ளிக்கூடம் விட்டு வரும் என் மகளை யாராவது ஒருத்தி பார்த்துக்கொள்ளலாமே என்று நான் செய்த ஏற்பாடு அது. மாமியாருக்கு முழங்கால் வலி, பிள்ளை பின்னால் அலைய முடியாது. வீட்டு ஆண்கள் இருவரும் லாரி ஆபீஸே கதி என்று கிடப்பவர்கள். ஆக, பாப்பாவின் சாயங்காலங்களில் பாதி எனக்கு, பாதி சின்னவளுக்கு.

பாதி என்று பெயர்தான். என் வாரத்தில் பாப்பாவுக்குத் தலை பின்னினால், சித்தி இப்படி இழுக்க மாட்டாங்க என்பாள். கணக்குச் சொல்லிக் கொடுத்தால், சித்தி சொன்னா சீக்கிரம் புரியும் என்பாள். மதிய ஷிப்ட் முடிந்து நான் வரும்போது அவள் சின்னவள் அறையில், சின்னவளின் துப்பட்டா நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்கியிருப்பாள். தூக்கி வந்து என் பக்கத்தில் கிடத்தினால் தூக்கத்திலேயே கை அந்தத் துப்பட்டாவைத் தேடும். பிள்ளைக்கு உன்கிட்ட ரொம்ப ஒட்டுதல் என்று நான் சின்னவளிடம் சிரித்துக்கொண்டே சொல்வேன். சிரித்தது வாய் மட்டும்தான். பத்து மாதம் சுமந்தவள் நான், மசக்கையில் குடல் வெளியே வரும் அளவுக்கு வாந்தி எடுத்தவள் நான். இவள் நோகாமல் வந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து அழகு பார்க்க எனக்கு நேரமில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மேனேஜர் அந்தச் செய்தியைச் சொன்னார். கசிவு பார்ப்பதைத் தனி வேலையாக ஆக்கப்போகிறார்களாம். ஒரே ஓர் ஆள். ஷிப்ட் கிடையாது. காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம், வருஷம் முழுவதும். என் காதில் மற்றதெல்லாம் விழவே இல்லை, சாயங்காலம் மட்டும்தான் விழுந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் பாப்பா என்னோடு இருப்பாள். தலையை வலிக்காமல் பின்னக் கற்றுக்கொள்வேன். கணக்கைச் சீக்கிரம் புரிகிற மாதிரி சொல்லிக் கொடுப்பேன். அந்த இடத்திலேயே பெயர் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் பார்த்தால் சின்னவளும் கொடுத்திருக்கிறாள்.

இவளுக்கு எதற்குச் சாயங்காலம் என்று வீடு போய்ச் சேரும்வரை முணுமுணுத்துக்கொண்டே போனேன். பதில் தெரிந்துதான் இருந்தது. நான் எதற்குக் கேட்டேனோ அதற்குத்தான் அவளும் கேட்டாள். என் பிள்ளையோடு உட்கார்ந்திருக்க.

மேனேஜர் எங்களுக்குள் ஒரு போட்டி வைத்தார். போட்டி என்று அவர் சொல்லவில்லை, பரிசோதனை என்றார். ஒரு வாரத்துக்கு இரண்டு பேரும் பகலில் வர வேண்டும். நடுவில் ஓடும் நடைபாதைக்கு இந்தப் பக்கம் பாட்டில் ஊதும் மெஷின்கள் வரிசையாக நிற்கின்றன, அவை எனக்கு. அந்தப் பக்கம் பிளாஸ்டிக் மணிகளைக் கொட்டி வைக்கும் பெரிய ஸ்டீல் ஹாப்பரும் பேக்கிங் மெஷின்களும், அவை அவளுக்கு. அவரவர் பக்கத்தில் கசிவைக் கண்டுபிடித்து, சரி செய்து, அடக்கிக் காட்ட வேண்டும். கடைசி நாளில் மேனேஜர் எங்களோடு ஒரு சுற்று வருவார்.

அந்த வாரம் முழுக்க என் கண் ஒன்று என் பக்கத்திலும் இன்னொன்று அவள் பக்கத்திலுமாக இருந்தது. அவள் பேக்கிங் ஆட்களோடு பேசிச் சிரிக்கும்போதெல்லாம் என்னைப் பற்றித்தான் சிரிக்கிறாள் என்று தோன்றும். டீ இடைவேளையில் அவள் கேன்டீனுக்குப் போனதும், நடைபாதையில் நின்றபடியே துப்பாக்கியை அவள் பக்கம் திருப்பி, ஏதாவது சீறுகிறதா என்று கேட்பேன். ஒன்றும் சீறாது. மெனக்கெட்டுச் செய்திருந்தாள். ஒவ்வொரு நட்டிலும் வெள்ளைக் கோடு மின்னியது.

நடுவில் ஒரு மதியம், என் வரிசையின் கடைசி மெஷினில் இருந்தேன். நடைபாதைக்கு அப்பால் நேர் எதிரே அவளுடைய ஹாப்பர் பளபளவென்று நின்றது. என் மெஷினில் காற்றழுத்தத்தைக் குறைக்கிற ரெகுலேட்டரின் நட்டில் ஒழுகல். கழற்றிப் பார்த்தால் உள்ளே வாஷர் வெடித்திருந்தது. புதிது வாங்க ஸ்டோருக்குப் போனால் ஸ்டோர்க்காரர் சாப்பிடப் போயிருந்தார். அவர் ஏப்பம் விட்டு வரும்வரை காத்திருந்தால் அதற்குள் சின்னவள் இரண்டு அட்டை கழற்றிவிடுவாள். பழைய வாஷரையே திருப்பிப் போட்டு முடுக்கினேன். இனி மெஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, துப்பாக்கியை வைத்துக் கேட்க வேண்டும். அப்போது என் சட்டைப் பையில் போன் அடித்தது. வேலை நேரத்தில் போனை லாக்கரில் பூட்ட வேண்டும் என்பது விதி. சின்னவள் பூட்டிவிடுவாள். பிள்ளை பெற்றவளுக்கு விதி ஏது, நான் பூட்டுவதில்லை.

பாப்பாதான். அன்று அரை நாள்தான் என்பதால் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாளாம், பாட்டி போனிலிருந்து பேசினாள்.

"அம்மா, சித்தி பக்கத்துல இருக்காங்களா?"

"என்னடி வேணும்? அம்மாகிட்ட சொல்லு."

"இல்ல, சித்திகிட்டதான் சொல்லணும்."

போனைத் தூக்கிக்கொண்டு நடைபாதையைக் கடந்து போய்க் கொடுத்தேன். என் போன், என் மகள், நடுவில் நான் தபால்காரி. சின்னவள் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, ஹாப்பர் பக்கமாகத் திரும்பி, குனிந்துகொண்டு பேசினாள். பாப்பா சொன்னது எனக்குக் கேட்கவில்லை. சின்னவள் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "சரி... சரிடா கண்ணு. சொல்ல மாட்டேன்" என்றது மட்டும் காதில் விழுந்தது. போனைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. அதைத் திமிர் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். எனக்குத் தெரியாமல் என் மகளுக்கும் இவளுக்கும் ரகசியம். என் வீட்டில், என் வயிற்றில் பிறந்ததோடு.

கண்ணெல்லாம் எரிந்தது. திரும்பி வந்து, நட்டின் மேல் தொங்கிய சிவப்பு அட்டையை ஒரே இழுப்பில் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது ஞாபகத்திலேயே இல்லை.

கடைசி நாள் மேனேஜர் எங்களோடு நடந்தார். முதலில் என் பக்கம். வரிசை முழுக்க அமைதி. அந்தக் கடைசி மெஷினில் மட்டும் அச்சு மாற்றிக்கொண்டிருந்தார்கள், அதனால் அதற்கு வரும் காற்றை வால்வில் அடைத்து வைத்திருந்தார்கள். அதை விட்டுவிட்டுத் தாண்டினோம். பிறகு அவள் பக்கம் பேக்கிங் மெஷின்களைப் பார்த்து முடித்தோம். அங்கேயும் ஒரு குறை சொல்ல முடியவில்லை. ஹாப்பரிடம் வரும்போது எனக்குப் பின்னால் அந்தக் கடைசி மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. அதை நான் கவனித்தேனா என்றால், இல்லை. என் கவனம் முழுவதும் எதிரில் இருந்தது. ஏதாவது ஒன்று, ஒரே ஒன்று கிடைக்க வேண்டும்.

துப்பாக்கியை ஹாப்பரின் உச்சிக்குத் தூக்கினேன். ஹெட்போனில் சீறியது.

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. முனையை அப்படியும் இப்படியும் அசைத்தேன். சந்தேகமே இல்லை. தகட்டை ஒட்டி மேலே ஓடும் குழாயில், சின்னவளின் வெள்ளைக் கோடு போட்ட நட்டு ஒன்று தெரிந்தது, அதன் திசையிலிருந்துதான் வந்தது. பொத்திப் பார்க்க ஏணி வேண்டும். ஏணியை எலக்ட்ரீஷியன் வாசல் கேட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். ஆள் அனுப்பி வரவழைத்திருக்கலாம். அதற்குள் மேனேஜர் நகர்ந்துவிடுவாரோ, சத்தம் நின்றுவிடுமோ, எனக்குக் கிடைத்த இந்த ஒன்றும் கைநழுவிப் போய்விடுமோ என்று பதறினேன். சிவப்பு அட்டையை ஹாப்பரின் காலில் கட்டினேன். ஹெட்போனைக் கழற்றி மேனேஜரின் தலையில் நானே மாட்டிவிட்டேன்.

அவர் கேட்டார். புருவத்தைத் தூக்கிச் சின்னவளைப் பார்த்து, இதை எப்படிம்மா விட்டீங்க என்றார்.

சின்னவள் தன் துப்பாக்கியை எடுத்து ஹாப்பரின் உச்சியைக் கேட்டாள். பிறகு மெல்லத் திரும்பி, என் தோளுக்கு மேலாக, நான் வந்த பக்கத்தை ஒரு தடவை கேட்டாள். துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வாய் திறந்து ஏதோ சொல்லப்போனவள், மூடிக்கொண்டு, பார்த்துடறேன் சார் என்று மட்டும் சொன்னாள்.

டீ இடைவேளை முடிந்து நாங்கள் திரும்பியபோது ஹாப்பரிடம் ஏணி நின்றிருந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இருந்துச்சு சார், முடுக்கிட்டேன் என்றாள். மேனேஜர் கேட்டுப் பார்த்தார். சத்தம் அடங்கியிருந்தது. சாயங்காலம் என்னைத் தன் அறைக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார். என்னை மட்டும். அதைச் சொன்னபோது சின்னவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்பது எனக்கு இன்னும் இனித்தது.

தரையில் கால் பாவாமல்தான் என் பக்கம் வந்தேன். கடைசி மெஷினிடம் என் ஸ்பானர் பையை வைத்திருந்தேன். அதை எடுக்கக் குனிந்தபோது ரெகுலேட்டர் கண்ணில் பட்டது. நான் திருப்பிப் போட்டு முடுக்கிய அதே நட்டு. அதன் மேல் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. தொட்டேன், பெயிண்ட் விரலில் ஒட்டியது.

கீழே கழிவுத் தட்டில் என் பழைய வாஷர் கிடந்தது. இரண்டாகப் பிளந்திருந்தது.

திரும்பி நின்று எதிரே பார்த்தேன். ஹாப்பரின் ஸ்டீல் தகட்டில் என் மெஷின் முழுசாகத் தெரிந்தது, அதன் முன்னால் நானும் தெரிந்தேன். என் நட்டில் ஒழுகியது அந்தத் தகட்டில் போய் மோதி, அவள் கோட்டுக்குப் பக்கத்தில் சீறியிருக்கிறது. பாம்புச்செவி அதைக் கேட்டு, மேனேஜருக்கும் மாட்டிவிட்டு, அடுத்தவள் வீட்டுக் குற்றம் என்று அட்டை கட்டியிருக்கிறது.

நியாயமாக அப்போது எனக்கு அவள் மேல் நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இவள் யார் என்னைக் காப்பாற்ற? அவளைத் தேடிக்கொண்டு போனேன். கை கழுவும் இடத்தில் நகக்கண்ணில் இருந்த பெயிண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை.

"என் நட்டுல உன் கோடு எதுக்கு?"

"லீக் அங்கதான்கா இருந்துச்சு. ஏறி, பொத்திப் பார்த்தேன். ஹாப்பர்ல ஒண்ணும் இல்ல."

"அதை சார்கிட்ட சொல்ல வேண்டியதுதானே. வாய்க்குப் பூட்டா போட்டிருக்கு? எனக்குப் பிச்சை போடறியா?"

அவள் குழாயை மூடினாள். எப்போதும் பணிவாகப் பேசுகிறவள், அன்று என் கண்ணைப் பார்த்துப் பேசினாள்.

"உங்களுக்கு யாரு போட்டா? எனக்கும் அந்த வேலை வேணும். சும்மா ஒண்ணும் பேர் கொடுக்கல. ஆனா பாப்பா ஒண்ணு கேட்டா. அன்னிக்குப் போன்ல."

"என்ன கேட்டா?"

"அம்மா தினமும் சாயங்காலம் வீட்டுல இருக்கணும், நீங்க தோத்துடறீங்களா சித்தின்னு."

அவளே தொடர்ந்தாள். தோற்கும் எண்ணம் அவளுக்கு இல்லையாம். ஜெயித்துவிட்டு, பிறகு பாப்பாவை ஏதாவது சொல்லிச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம் என்றுதான் இருந்தாளாம். நான் தப்பான இடத்தில் அட்டையைக் கட்டியதும், உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாளாம்.

"சொல்ல வந்தேன்கா. வார்த்தை வரல. அந்தக் குட்டிக் குரல்தான் வந்து நின்னுது. இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

கையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

நான் அங்கேயே நின்றேன். முதலில் வந்தது சந்தோஷம். பொய் சொல்ல மாட்டேன், அப்படியொரு சந்தோஷத்தை நான் வெகுகாலமாக அனுபவித்ததில்லை. பாப்பாவுக்கு நான் வேண்டும். துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தபோதும் என்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். குழாயடியில் நின்று ஒரு பைத்தியம் மாதிரி சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த நினைப்பு வந்தது. நான் வேண்டும் என்பதை என்னிடம் சொல்லவில்லையே. அவளிடம் அல்லவா போய்ச் சொல்லியிருக்கிறாள்.

மேனேஜர் அறையில், அடுத்தவங்க ஏரியாவுலகூட உங்க காது விடலையே என்று அவர் பாராட்டினார். வேலை எனக்குத்தான் என்றார். நான் வாயைத் திறந்தேன். அது தகடு சார், ஒழுகியது என் நட்டு என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. சொன்னால் சின்னவளின் முன்னால் தலைநிமிர்ந்து நடக்கலாம், அவள் போட்டது எனக்குத் தேவையில்லை என்று அவள் மூஞ்சியில் விட்டெறியலாம். அந்த ஆசை தொண்டைவரை வந்தது. ஆனால் சாயங்காலம் போய்விடும். தினமும் அம்மா வீட்டில் இருக்க வேண்டும் என்று கேட்ட பிள்ளைக்கு, என் ரோஷத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து என்ன செய்ய? நன்றி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கசப்பான நன்றியை நான் யாருக்கும் சொன்னதில்லை.

அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போனேன். சின்னவளுக்குப் பழையபடி மதிய ஷிப்ட், அவள் போய் வெகுநேரமாகியிருந்தது. பாப்பா யூனிபார்மைக்கூட மாற்றாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டபடியே உள்ளே வந்தோம்.

"சித்தி உனக்கு டீ போட்டு பிளாஸ்க்ல வெச்சிருக்காங்க. ஆறிடாம, நான் ஸ்கூல் விட்டு வந்ததும் மூடியை இன்னும் நல்லா திருகணும்னு பாட்டிகிட்ட சொல்லிட்டுப் போனாங்களாம், நான்தான் திருகினேன்."

வந்ததும் வராததுமாகச் சின்னவள் பேச்சு. டம்ளரில் ஊற்றிக் கீழே வைத்துவிட்டு, பாப்பாவை முன்னால் உட்கார்த்தித் தலையைப் பிரித்தேன். அவசரமே இல்லாமல், ஒரு சிக்கையும் இழுக்காமல் சீவினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில் சாய்ந்தாள். எனக்கு வேண்டியது இதுதான். இதற்காகத்தான் அத்தனையும். இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"ஏன்டி, சித்தியைத் தோத்துடச் சொன்னியாமே?"

சீப்புக்கு அடியில் அவள் தலை விறைத்தது. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"சித்தி சொல்லிட்டாங்களா? சொல்ல மாட்டேன்னு சொன்னாங்களே."

அந்த முகம் வாடிப்போனதை நான் பார்த்தேன். நான் இவ்வளவு காலம் காத்திருந்த இடம் அது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய்கூட இல்லை, சத்தியமான உண்மை. உன் சித்தி உன் ரகசியத்தைக் காப்பாற்றவில்லை என்று பாப்பாவுக்குத் தெரிந்துவிடும். அன்றிலிருந்து அந்த ஒட்டுதல் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுகிப் போய்விடும், வெளியே ஒருவருக்கும் சத்தம் கேட்காது. என் நாக்கு நுனிவரை அந்த ஆமாம் வந்தது.

"இல்லடி" என்றேன். "போன் என் போன்தானே. நீ பேசினது எனக்கே கேட்டுச்சு. சித்தி வாயே திறக்கல."

பாப்பாவின் முகம் தெளிந்தது. "அதானே" என்றாள். "சித்தி சொல்ல மாட்டாங்க."

மறுபடி முழங்காலில் சாய்ந்துகொண்டாள். நான் விட்ட இடத்திலிருந்து சீவினேன்.

"சரி, அதை ஏன் என்கிட்ட கேக்கல?"

"உன்கிட்ட சொன்னா நீ சித்தியோட சண்டை போடுவ" என்றாள் கண்ணைத் திறக்காமல். "சித்திகிட்ட சொன்னா அவங்க உன்னோட சண்டை போட மாட்டாங்க."

பின்னி முடித்து ரிப்பன் கட்டினேன். வலித்ததா என்று கேட்டேன், இல்லை என்றாள். டம்ளரை எடுத்து டீயைக் குடித்தேன். இன்னும் சூடாக இருந்தது, எனக்குப் பிடித்த மாதிரியே சர்க்கரையைக் குறைத்துப் போட்டிருந்தாள் சின்னவள்.